ஒரு வரி அடித்தேன், ஒன்பது வரி கொட்டியது!

லாடெக்கில் கணக்கு அச்சுக்கோக்கும் மகா ஜனங்களே, கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு இங்கே வாருங்கள்! 1 × 8 + 1 = 9, அடுத்து 12 × 8 + 2 = 98, அடுத்து 123 × 8 + 3 = 987 என்று போய் 123456789 × 8 + 9 = 987654321 என்று முடியுமே, அந்த ஒன்பது வரியை ஒவ்வொன்றாகக் கையால் அடித்து, சமக்குறி பிசகாமல் நிற்க வரிக்கு வரி ஆம்பர்சண்ட் போட்டு... ஐயோ, அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது.

இப்போது கற்பனை செய்து பாருங்கள். டில் டான்டாவ் உருவாக்கிய டிக்ஸ் பேக்கேஜோடு வருகிற ‘ஃபோர்ஈச்’ கட்டளை. படம் வரையத்தான் அது என்று நினைத்திருந்தேன். அடைப்புக்குள் 1, காற்புள்ளி, மூன்று புள்ளி, காற்புள்ளி, 9. அவ்வளவுதான், மீதியை அதுவே எண்ணிக்கொள்ளும்! உள்ளே ஒரே விதி: பழைய எண்ணைப் பத்தால் பெருக்கி, சுற்று எண்ணைக் கூட்டு. கம்பைல் பட்டனைத் தட்டினேன். திரையில் ஒன்பது சமன்பாடும் படிக்கட்டு மாதிரி இறங்கி நிற்கிறது, சமக்குறியெல்லாம் நூல் பிடித்தாற்போல ஒரே நேர்கோட்டில்! நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன், சத்தியமாக. வீட்டில் எல்லாரையும் இழுத்து வந்து காட்டினேன். பாவம், அவர்களும் தலையாட்டினார்கள்.

சின்னச் சின்ன முரண்டு உண்டு. சுற்று முடிந்ததும் கணக்கை மறந்துவிடும், ‘குளோபல்’ என்று சொல்லி வைக்க வேண்டும். ‘அலைன்’ சூழலுக்குள் நேராக நுழைய விடாது, வரிகளை ஒரு மேக்ரோவில் சேர்த்து மொத்தமாகக் கொட்ட வேண்டும். அதெல்லாம் ஒரு குறையா? போங்க சார்!

தன் புத்தகத்தின் அச்சுப்படி 1977-இல் கண்றாவியாக வந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் லாடெக்குக்கு அடித்தளமான டெக்கை எழுத உட்கார்ந்தாரே டொனால்ட் கனூத், அந்த மனிதரே டெக்கில் ‘லூப்’, ‘ரிப்பீட்’ என்று வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்! அந்த வெறியில் அடுத்ததற்குத் தாவினேன்: 11 × 11 = 121, 111 × 111 = 12321, 1111 × 1111 = 1234321, ஐந்து ஒன்று போட்டால் 123454321, ஆறாவது ஒன்றைப் போட்டதும் டெக் திணறி நின்றது, ஏனென்றால் அதன் முழு எண்ணுக்கு உச்சவரம்பு 2147483647, விடுவேனா நான், எத்தனை இலக்கமானாலும் அசராத ‘ஜிண்ட்’ பேக்கேஜை ஏற்றி மறுபடி ஓட்டினேன் பாருங்கள், ஒன்பது ஒன்றுக்கு 12345678987654321 என்று கோபுரம் கலசத்தோடு நிமிர்ந்தது! ஆசை அடங்கவில்லை, பத்தாவதையும் போட்டேன். 1234567900987654321! நடுவில் எட்டைக் காணோம், இரண்டு பூஜ்யம் குந்தியிருக்கிறது! உடனே சுற்று எல்லையான பத்தை அழித்துவிட்டு முப்பது என்று மாற்றினேன்.