யாங்கூன் யுனைடெட்: உரிமையாளர் நிழலில் ஐந்து பட்டங்கள்

மியான்மர் தேசிய லீக்கில் யாங்கூன் யுனைடெட் ஐந்து முறை பட்டம் வென்றிருக்கிறது. 2011, 2012, 2013 என்று தொடர்ந்து மூன்று, பிறகு 2015, கடைசியாக 2018. பச்சைச் சட்டையும் சிங்கச் சின்னமும் கொண்ட இந்த கிளப்பின் பலம், பலவீனம் இரண்டுக்கும் ஊற்று ஒன்றே: எல்லாச் செலவையும் ஒரே தொழில் குழுமம் ஏற்றது. பட்டங்கள் வந்ததும் அதனால்தான், அதைவிடப் பெரிய பணம் வேறு ஊருக்குப் போனபோது பட்டங்கள் நின்றதும் அதனால்தான்.

இந்த லீக் தொடங்கியது 2009இல். அதற்கு முந்தைய பர்மியக் கால்பந்து இன்றைய தரவரிசையைப் பார்த்து எடை போடக்கூடியதல்ல. 1966 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பர்மா தங்கம் வென்றது. 1970இல் அதே தங்கத்தைத் தென்கொரியாவுடன் பகிர்ந்துகொண்டது. 1968 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடி சூடானை வீழ்த்தியது. மான்செஸ்டர் சிட்டியின் புகழ்பெற்ற கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன் எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பயிற்சியாளராக இருந்தார். அந்தத் தலைமுறை ஓய்ந்த பிறகு ஆட்டம் சரிந்தது. உள்நாட்டுப் போட்டிகள் நடந்தன. ஆனால் ஆடியவை ராணுவம், சுங்கத்துறை, நிதி வருவாய்த்துறை போன்ற அரசுத் துறைகளின் அணிகள். வீரருக்குக் கிடைத்தது துறைச் சம்பளம். இது எங்கள் ஊர் அணி என்று சொந்தம் கொண்டாட ரசிகருக்கு எதுவும் இல்லை. நிதி வருவாய்த்துறை அணி வருடக்கணக்கில் பட்டங்களைக் குவித்தபோதும், அந்தப் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்க யாருக்கும் மனம் வராது.

2009 மே 16இல் எட்டு கிளப்புகளுடன் தொழில்முறைக் கால்பந்து தொடங்கியது. அதன் பின்னணி பற்றி யாங்கூனிலிருந்த அமெரிக்கத் தூதரகம் அந்த ஆண்டே எழுதிய ரகசியக் குறிப்பு, 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸ் வழியாக வெளிவந்தது. ராணுவ ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயிடம், மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை 100 கோடி டாலருக்கு வாங்கச் சொல்லி அவருடைய பேரன் கேட்டதாகவும், நர்கிஸ் புயலின் அழிவு ஆறாத நேரத்தில் அது கெட்ட பெயர் தேடித்தரும் என்று எண்ணி, உள்நாட்டிலேயே ஒரு லீக் தொடங்கும்படி அவர் உத்தரவிட்டதாகவும் தகவலாளி ஒருவரை மேற்கோள் காட்டி அக்குறிப்பு சொல்கிறது. பேரன் கதை எவ்வளவு உண்மையோ, குறிப்பில் உள்ள கணக்குதான் கிளப்புகளின் வரலாற்றுக்கு முக்கியமானது. வீரர்களின் சம்பளம், தங்குமிடம், பயணம், சீருடை எல்லாம் உரிமையாளரின் பொறுப்பு. போதாததற்கு, ஒவ்வொருவரும் தம் பகுதியில் 2011க்குள் மைதானம் கட்ட வேண்டும். அதற்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் பிடிக்கும். இந்தச் சுமையை ஏற்றவர்களுக்கு அரசு ஒப்பந்தங்களும் சுரங்க உரிமங்களும் கிடைக்கும் என்று பேச்சிருந்ததையும் குறிப்பு பதிவு செய்கிறது. டிக்கெட் வருமானமோ தொலைக்காட்சி உரிமையோ இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

யாங்கூன் அணி ஹ்டூ குழுமத்தின் தலைவர் தே ஸாவிடம் வந்தது. மரம், ஹோட்டல், விமானச் சேவை எனப் பரந்த அவருடைய தொழில்களில் ஏர் பகான் விமான நிறுவனமும் அப்போது ஒன்றாக இருந்தது. ராணுவத் தலைமைக்கு நெருக்கமானவர் என்பதால் 2007 அக்டோபரிலேயே அமெரிக்கா அவர் மீது பொருளாதாரத் தடை விதித்திருந்தது. கிளப்பின் முகமாகப் பின்னாளில் அறியப்பட்டவர் அவருடைய மகன் பியே பியோ தே ஸா.

பணம் இருந்தும் முதல் வெற்றி யாங்கூனுக்கு வரவில்லை. லீக்கைத் தொடங்கிவைத்த 2009 கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மாண்டலேயின் யதனாபோன் அதைத் தோற்கடித்தது. 2010 லீக் பட்டமும் யதனாபோனுக்கே. அதே ஆண்டு ஆசியாவின் மூன்றாம் நிலைக் கிளப் போட்டியான ஏ.எஃப்.சி. பிரெசிடென்ட்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலால் கிர்கிஸ்தானின் தோர்தோயை யதனாபோன் வென்றது. மியான்மர் கிளப்புகள் ஏ.எஃப்.சி. கோப்பைக்கு உயர்ந்தது இந்த வெற்றிக்குப் பிறகுதான். பின்னர் ஆசிய அரங்கில் யாங்கூன் யுனைடெட் ஆடிய ஆட்டங்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது, அதன் பரம வைரி.

2011இல் நிலைமை தலைகீழானது. அந்த ஆண்டு லீக்கும் கோப்பையும் ஒருசேர யாங்கூன் கைக்கு வந்தன. அடுத்த இரண்டு லீக் பட்டங்களும் தொடர்ந்து வந்தன. இந்த மூன்றாண்டு ஆதிக்கத்துக்குக் காரணம் அணி கட்டப்பட்ட விதம். பர்மிய ஆட்டக்காரர்கள் பொதுவாக உயரம் குறைந்தவர்கள். வேகமும், பந்தைக் காலோடு ஒட்டவைத்துத் திரும்பும் லாவகமும் உள்ளவர்கள். குறும் பாஸ்களில் முன்னேறுவது அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்களுக்கு இல்லாதது பெனால்டி ஏரியாவுக்குள் உடல் பலம். லீக் அனுமதித்த வெளிநாட்டவர் இடங்களை யாங்கூன் அந்தக் குறையை நிரப்பவே பயன்படுத்தியது. பிரேசிலின் சீசர் அகஸ்டோ, ஐவரி கோஸ்ட்டின் அடாமா கோனே போன்ற முன்கள ஆட்டக்காரர்கள் வந்தனர். பக்கவாட்டில் ஓடும் உள்ளூர் இளைஞன் பந்தை உள்ளே தூக்கிப்போட்டால், அதைத் தலையால் முட்டவோ தோளால் தடுத்து அடுத்தவருக்கு வைக்கவோ ஆள் இருந்தது. மழைக்காலத்தில், யாங்கூனின் மைதானங்கள் சேறாகிப் பந்து உருளாமல் நிற்கும் மாதங்களில், குறும் பாஸ் ஆட்டம் தடுமாறும். அப்போது உயரப் பந்து ஆட மாற்று வழி இருந்த அணிக்குப் புள்ளிகள் சேர்ந்ததில் வியப்பில்லை.

இதே வாய்ப்பாடு நாட்டுக்கு வெளியே போதவில்லை. 2013 ஏ.எஃப்.சி. கோப்பையில் குழுச் சுற்றைத் தாண்டி நாக்அவுட்டுக்கு வந்த யாங்கூன், கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலிடம் 1–5 என்று வீழ்ந்தது. ஈஸ்ட் பெங்கால் அந்த ஆண்டு அரையிறுதி வரை போன வலுவான அணிதான். ஆனாலும் நான்கு கோல் வித்தியாசம் ஓர் உண்மையைச் சொன்னது. உள்நாட்டில் யாங்கூனின் தற்காப்பைச் சோதிக்கும் அணிகள் இரண்டு மூன்றுதான். வாராவாரம் கடும் நெருக்கடியில் ஆடிப் பழகாத பின்வரிசை, அந்த ஓர் இரவில் திடீரென்று பழகிவிடாது. 2011–13 ஆதிக்கத்தின் விலை அது என்றே கொள்ள வேண்டும்.

கிளப் செய்த மிகச் சரியான காரியம் கோப்பை அலமாரியில் இல்லை, யாங்கூனின் ஹ்லைங் பகுதியில் இருக்கிறது. பல அணிகள் அரசு மைதானங்களையே நம்பியிருக்க, யாங்கூன் சொந்தமாக ஒரு விளையாட்டு வளாகம் அமைத்தது. சில ஆயிரம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய சிறிய அரங்கம்தான். ஆனால் பயிற்சியும் ஆட்டமும் ஒரே இடத்தில் நடக்கும் வசதி அந்த நாட்டில் அரிது. 32,000 பேர் கொள்ளும் துவுன்னா மைதானத்தில் காலரிகள் வெறிச்சோடிக் கிடக்க ஆடுவதைவிட, நிரம்பிய சிறு அரங்கில் ஆடுவது வீரருக்கும் ரசிகருக்கும் நல்லது. ஓர் அணிக்கு ஊர் என்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது.

2014இல் பட்டம் யதனாபோனுக்குப் போய், 2015இல் திரும்பி, 2016இல் மறுபடி மாண்டலேக்கே போனது. நாட்டின் கதவுகள் திறந்துகொண்டிருந்த காலம் அது. கத்தார் தொலைத்தொடர்பு நிறுவனமான ஊரிடூவின் பெயர் லீக்கின் மேல் ஏறியது. 2015இல் நியூசிலாந்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மியான்மர் ஆடியதால், கிளப்புகளின் பார்வை இளைஞர்கள் பக்கம் திரும்பியது. தேசிய அணி கேப்டன் யான் ஆங் சோ, டேவிட் ஹ்டான், பின்னர் மாங் மாங் லுவின் என்று யாங்கூனின் உள்ளூர் வரிசை வலுத்தது இந்த ஆண்டுகளில்தான். 2018இல் லீக்கையும் உள்நாட்டுக் கோப்பையான ஜெனரல் ஆங் சான் கேடயத்தையும் சேர்த்து வென்ற அணி, 2011 அணியைவிட மேலானது. கினியின் செகோ சில்லா கோல் அடித்தாலும், பந்தை அவரிடம் கொண்டுசேர்த்த நடுக்களமும் பக்கவாட்டும் உள்ளூர்க்காரர்களுடையவை. 2019இல் கேடயத்தை அது தக்கவைத்தது.

லீக் பட்டம் அதன்பின் வரவில்லை. ஷான் மாநிலத்தின் தௌங்ஜியில், தொடக்கத்தில் கன்பாவ்ஸா என்ற பெயரில் ஆடி, 2015 கடைசியில் ஷான் யுனைடெட் என்று மாறிய அணி எழுந்து நின்றது. அதன் பின்னே இருப்பது நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கியான கே.பி.இஸட். 2017, 2019, 2020 பட்டங்களை ஷான் எடுத்துக்கொண்டது. பெரிய சம்பளம் கொடுத்து வீரர்களைத் திரட்டும் யாங்கூனின் பழைய உத்தியை, இன்னும் ஆழமான கஜானாவோடு ஷான் செய்துகாட்டியது.

2021 பிப்ரவரி ராணுவக் கவிழ்ப்பு ஆட்டத்தையே நிறுத்தியது. அந்த ஆண்டு லீக் ரத்தானது. மார்ச் மாதம் பாகோவில், ஹந்தாவடி யுனைடெட்டின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக் கேப்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். ராணுவ ஆட்சியின் கீழ் தேசிய அணிக்கு ஆட மாட்டோம் என்று சில வீரர்கள் விலகினர். ஜப்பான் சென்ற தேசிய அணியின் கோல்கீப்பர் ஒருவர் மைதானத்தில் மூன்று விரல் உயர்த்தி எதிர்ப்பைக் காட்டி, அங்கேயே தஞ்சம் கோரினார். யாங்கூன் யுனைடெட்டுக்கு இந்த அரசியல் இன்னொரு வழியாகவும் வந்து சேர்ந்தது. 2016இல் தே ஸா மீதான தடையை நீக்கியிருந்த அமெரிக்கா, 2022 ஜனவரி 31இல் அவரையும் அவருடைய இரு மகன்களையும் மறுபடி தடைப் பட்டியலில் சேர்த்தது.

2022இல் லீக் மீண்டும் தொடங்கியது. மாங் மாங் லுவின் தாய்லாந்தின் லம்பூன் வாரியர்ஸுக்குப் போனார்; அவரைப்போல் திறமை உள்ளவர்கள் பலருக்கும் தாய் லீக்தான் இப்போது முதல் இலக்கு. 2024 பிப்ரவரியில் 18 முதல் 35 வயது வரையிலான ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கால்பந்து வீரரின் முழு ஆட்ட வாழ்வும் அந்த வயது வரம்புக்குள் அடங்கிவிடும். 2022, 2023, 2024–25 என மூன்று தொடர்களிலும் பட்டம் ஷான் யுனைடெட்டுக்கே போனது.