யாரைக் கேட்டு வைத்தார்கள்?

கடனை உடனை வாங்கி ஒரு ஃப்ளாட் வாங்குகிறீர்கள். பால் காய்ச்சிக் குடியேறி ஆறு மாதம் ஆகிறது. ஒருநாள் பழைய பாத்திரம் எடுக்கப் பரண்மேல் ஏறினால், அங்கே ஓர் ஆசாமி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார். ‘‘பயப்படாதீங்க சார், பில்டர்தான் அனுப்பிச்சார். குழாயில தண்ணி ஒழுங்கா வருதான்னு குறிச்சுக்கிட்டிருக்கேன்!’’

நிஜமாகவே தண்ணீரை மட்டும்தான் குறித்தார் என்றே வையுங்கள். அப்போதும் கோபம் வருமா, வராதா?

2011 நவம்பரில் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. கனெக்டிகட் மாநிலத்து இளைஞர் ட்ரெவர் எக்கார்ட். வயது 25. ஒரு எச்.டி.சி. செல்போனைக் குடைந்துகொண்டிருந்தவர் கண்ணில் ‘கேரியர் ஐ.க்யூ.’ என்ற சாஃப்ட்வேர் பட்டது. மெனுவில் அதற்கு அடையாளம் இல்லை. சாதாரணமாக நிறுத்தவும் முடியாது. போன் கம்பெனியின் சேவை நிறுவனம் கேட்டு, தயாரிப்பாளர் உள்ளே வைத்து அனுப்பிய சரக்கு. 14 கோடி போன்களுக்கு மேல் இருக்கிறோம் என்று தன் இணையதளத்திலேயே பெருமையடித்துக்கொண்டது கேரியர் ஐ.க்யூ.

எக்கார்ட் கண்டதை எழுதினார். கம்பெனி என்ன செய்தது? விளக்கமா சொன்னது? வக்கீல் நோட்டீஸ் விட்டது! அதன் பயிற்சிக் கையேடுகளை எடுத்துப் போட்டது குற்றமாம். ஒன்றரை லட்சம் டாலர் வரை நஷ்டஈடு என்று மிரட்டல். இணைய உரிமைகளுக்காக வழக்காடும் ‘எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன்’ பையன் பக்கம் வந்து நின்றதும், ஒரே வாரத்தில் நோட்டீஸ் வாபஸ், கூடவே மன்னிப்பு.

அடுத்து எக்கார்ட் ஒரு வீடியோ வெளியிட்டார். அழுத்துகிற ஒவ்வொரு பட்டனும், பூட்டுப் போட்ட கூகுள் பக்கத்தில் தேடிய வார்த்தையும் போனின் பதிவேட்டில் வரிவரியாக ஓடின. பிடித்துக்கொண்டது தீ. செனட்டர் அல் ஃப்ராங்கன் கேள்விக் கடிதம் அனுப்பினார். ஸ்ப்ரின்ட் நிறுவனம் 2 கோடியே 60 லட்சம் போன்களில் இருக்கிறது என்றது. ஏ.டி. அண்ட் டி. சுமார் 9 லட்சம் என்றது.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களின் கூச்சலில் மிகை உண்டு. டான் ரோசன்பர்க் என்ற ஆய்வாளர் அந்த சாஃப்ட்வேரைப் பிரித்துப் பார்த்தார். அது எல்லா பட்டனையும் பதிவு செய்து அனுப்பவில்லை என்றார். வீடியோவில் ஓடியதற்குப் பெரும் காரணம் எச்.டி.சி.யின் அலட்சியமான புரோகிராம். ஆனால், இருக்கும் இடத்தையும் பார்க்கும் இணைய முகவரிகளையும் அதனால் சேகரிக்க முடியும். சில சமயம் எஸ்.எம்.எஸ்.களும் தவறுதலாகச் சிக்கியதாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

ஆக, ‘‘கால் ஏன் கட் ஆகுதுன்னு பார்க்கத்தாங்க’’ என்றது முழுப் பொய்யல்ல. ஆனால் அது பதிலும் அல்ல. கல்லாவில் எவ்வளவு குறைந்தது என்பது ஆடிட்டரின் இரண்டாவது கேள்வி. சாவி யாரிடம், யார் கொடுத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. கேரியர் ஐ.க்யூ. தரப்பு கடைசிவரை இரண்டாவது கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

2013-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் எச்.டி.சி.யைப் பிடித்து, ஓட்டைகளை அடைக்கச் சொன்னது. 20 ஆண்டுகளுக்கு வெளியார் சோதனை என்றும் நிபந்தனை போட்டது. கேரியர் ஐ.க்யூ.வின் சொத்துகளை 2015-ல் வாங்கியது யார் தெரியுமா? வாடிக்கையாளரான ஏ.டி. அண்ட் டி.யேதான்!

நம்மூருக்கு வருவோம். புதிய போன்களில் எல்லாம் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை ஏற்றியே விற்கவேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இது ஒளிந்திருக்கிற சமாச்சாரம் இல்லை, திருட்டு போனைப் பிடிக்க உதவுவதுதான். ஆனாலும் ‘எங்களைக் கேட்டீங்களா?’ என்று எதிர்ப்பு கிளம்ப, டிசம்பர் 3-ம் தேதியே கட்டாயம் கைவிடப்பட்டது. கேட்டால் நடக்கிறது!

இன்றைக்கே போனில் செட்டிங்ஸ் போய், எந்தெந்தச் செயலிக்கு மைக்கும் லொகேஷனும் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களையாவது அனுப்பிவிடலாம். பரணில் இருப்பவரைப் பார்க்க எக்கார்ட் மாதிரி யாராவது ஏணியோடு வரவேண்டும். வருகிறவருக்கு நோட்டீஸ் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சட்டமும் வேண்டும்.