சென்ட்ரிங் பலகை கேட்காத கொத்தனார்கள்

வளைவுக் கூரை என்றதும் நம் ஊர்க் கொத்தனார் முதலில் கேட்பது சென்ட்ரிங் பலகையைத்தான். எகிப்தின் தென்கோடியில் இருக்கும் நூபியக் கொத்தனார் அதைக் கேட்பதில்லை. மரம் கிடைக்காத மண் அது.

அறையின் பக்கச் சுவர்களைவிடப் பின்சுவரை உயரமாக எழுப்பிவிடுகிறார்கள். அதன்மேல் ஈர மண்ணை அப்பி, கைக்கணக்கிலேயே ஒரு வளைகோட்டை வாய்ச்சியால் செதுக்கி எடுக்கிறார் கொத்தனார். பிறகு கல். வெயிலில் காய்ந்த மண்கல்தான். கூரைக்குப் போகும் கல்லில் மட்டும் எடை குறைய வைக்கோல் கூடுதல். கல் அறுக்கும்போதே ஈர முகத்தில் விரலால் இரண்டு பள்ளக்கோடுகள் இழுத்துவிடுவார்கள். சேறு கல்லைக் கவ்விக்கொள்ள அந்தக் கோடுகள் போதும். முதல் வரிசை பின்சுவர்மேல் சாய்கிறது, அடுத்தது முதல் வரிசைமேல். நெட்டுக்குத்தாக வைத்தால் எல்லாம் நழுவி விழும். ஈரம் காயுமுன் அடுத்த கல் வந்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது அந்த விரல்கோடுதான். கட்டி முடித்தபின் அது யார் கண்ணிலும் படாது.

கெய்ரோவின் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபாத்தி தாமாகக் கட்டிப்பார்த்த வளைவுகள் சரிந்தன. போர்க்காலம், மரத்துக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடு. 1941-ல் அஸ்வானுக்குப் போய் இந்தக் கொத்தனார்களைக் கண்டுபிடித்தார். அவர்களை வைத்தே, லக்ஸருக்கு எதிர்க்கரையில், புதிய குர்னா கிராமத்தை எழுப்பினார். மண் நிற்குமா என்று கேட்டவர்களுக்குப் பக்கத்திலேயே பதில் இருந்தது: ராமெசியம் கோயிலின் தானியக் கிடங்குகள், 3,000 ஆண்டு தாண்டிய மண்கல் வளைவுகள்.

பத்திருபது குடும்பங்கள் கொண்ட பங்காளிக் கூட்டத்தை அங்கே 'பதனா' என்பார்கள். ஒவ்வொரு பதனாவுக்கும் ஒரு பொது முற்றம், அதைச் சுற்றி வீடுகள். வீட்டுக்கு வீடு அமைப்பு வேறு. தெருக்களை வேண்டுமென்றே வளைத்துவிட்டார், வெளியாள் சும்மா நுழையாதிருக்க. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும், யாருக்காகக் கட்டினாரோ அந்தப் பழைய குர்னா மக்களில் பெரும்பாலோர் குடிவரவில்லை. ஊரின் பெரும்பகுதி கட்டப்படாமலே வேலை நின்றது. பழைய குர்னா பண்டைய கல்லறைகளின்மேல் இருந்த ஊர். அந்தக் கல்லறைகளே அவர்கள் பிழைப்பு. தொல்பொருள் திருட்டைத் தடுக்க அவர்களைக் கிளப்ப நினைத்தது அரசு. போதாக்குறைக்கு, குவிமாடம் என்றால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது இறைநேசர்களான அவுலியாக்களின் அடக்கத்தலம். மண்ணைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. கூரையைப் பற்றி அத்தனை யோசித்த திட்டத்தில், இடம்பெயரச் சம்மதமா என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

அதே வளைவு இன்று புர்கினா ஃபாசோ பக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. 2000-ல் தொடங்கிய ஓர் அமைப்பு, உழவில்லாத வறண்ட மாதங்களில் விவசாயிகளுக்கே இந்தக் கொத்துவேலையைக் கற்றுத்தருகிறது. காடு குறைந்து, தகரக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.