பணப்பெட்டிக்குக் கொள்கை உண்டா?

சிவகாசி அச்சகங்கள் தீப்பெட்டி லேபிள் அடித்து வளர்ந்தவை. பின்னர் நாட்காட்டியில் சிவனையும் சுவரொட்டியில் நடிகரையும் அவையே அச்சிட்டன. அச்சுக்குப் பேதமில்லை, விற்பது எதுவோ, அதுவே வரும். பட முதலாளியின் பணப்பெட்டியும் அவ்வாறே! விருதுநகர்ச் சுவர்கள் கண்ட வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1931-இல் பேசத் தொடங்கிய தமிழ்ப்படம், தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் புராணமே பேசிற்று. 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பக்தியே பணம் என்றனர். 1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’, 1952 தீபாவளிக்குக் கலைஞரின் ‘பராசக்தி’. கதை கயிலையை விட்டுத் தெருவுக்கு வந்தது. பெட்டி நிரம்பிற்று, சமூகப் படமே பணம் என்றனர்.

1965-இல் ‘திருவிளையாடல்’! பூசாரியை எதிர்த்த குணசேகரனாக நடித்த அதே சிவாஜி கணேசன், சிவனாக நின்று வெள்ளிவிழாக் கண்டார். பகுத்தறிவு தோற்றதா? இல்லை என்கிறோம் நாம். வண்ணமும் இசையும் ஈர்த்தன. நாகேஷின் தருமி சிரிக்க வைத்தான். ஆனால் மக்கள் மனத்தில் நின்ற காட்சி எது? சிவனின் முகத்துக்கு நேரே, உன் பாட்டில் பிழை என்று நக்கீரன் வழக்காடும் காட்சியன்றோ! நீதிமன்றக் கூண்டில் நின்று குணசேகரன் பழக்கிய சுவை அது. புராணம் திரும்பி வந்தது. வரும்போது வாதத்தைக் கடன் வாங்கி வந்தது.

எனவே தோழர்களே, வசூலைக் கண்டு துள்ளவும் வேண்டா, துவளவும் வேண்டா. லேபிளைப் பார்த்து நெருப்பை அளக்க முடியுமா? குச்சியை உரசிப் பாருங்கள்!