மருத்துவ மாணவரின் ஆங்கிலக் கலைச்சொற் பயிற்சியில் விளையாட்டுக் கருவிகள்: காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு திறனாய்வு

அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020இல் நடைமுறைக்கு வந்தபின், தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழி பயின்றோர்க்கான வாயில் விரிவடைந்துள்ளது. உடற்கூறியல் முதலிய பாடங்களின் கலைச்சொற்களை இவர்கள் முதலாண்டிலேயே ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றனர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ள காவிரிப் படுகையில் இச்சொற்பயிற்சி எத்தகையதாக அமைதல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

இப்பயிற்சிக்குப் பயன்படும் கஹூட், அங்கி ஆகிய கருவிகள் ஒருதன்மையன அல்ல. கஹூட் தன் இயல்பமைப்பில், விரைந்து விடையளிப்போர்க்கு மிகுதியான புள்ளி வழங்குகிறது. அங்கி, மறந்த சொல்லை விரைவிலும் நினைவில் நின்ற சொல்லை நீண்ட இடைவெளிக்குப் பின்னரும் வினவுகிறது. மீளப் படித்தலினும் நினைவிலிருந்து மீட்டெடுத்தலே நெடுநாள் நினைவிற்குத் துணைபுரியும் என்பதை ரோடிகர், கார்பிக்கி ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இரு கருவிகளும் மீட்டெடுத்தலை வேண்டுவனவே. எனினும் விரைவுக்குப் பரிசளிப்பது ஊகத்திற்கு இடந்தரும். ‘ஹைப்பர்கிளைசீமியா’ இரத்தச் சர்க்கரையின் மிகுதி. ‘ஹைப்போகிளைசீமியா’ அதன் குறைவு. ஒலியில் நெருங்கிய இச்சொற்களை மாற்றிக் கொள்ளுதல் நோயாளியின் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

சொற்பகுப்பு விளையாட்டு இதனினும் பயன் மிக்கது. ‘ஆர்த்ரைடிஸ்’, ‘நெஃப்ரைடிஸ்’, ‘ஹெப்படைடிஸ்’ ஆகியவற்றின் ஈற்றிலுள்ள ‘ஐடிஸ்’ அழற்சியைக் குறிக்கும். மூட்டழற்சி, சிறுநீரக அழற்சி, கல்லீரல் அழற்சி என்னும் தமிழ்ச் சொற்களும் இதே அமைப்பின. உறுப்பின் பெயரையும் ஈற்றையும் இணைக்கப் பழகும் மாணவர், முன்பின் அறியாத சொல்லையும் பகுத்துணர்வர். அவர்தம் தமிழறிவு இங்குத் தடையாகாது, துணையாகும்.

எனினும், ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கில விளக்கத்தை மட்டும் பொருத்தும் விளையாட்டு தேர்வுக்கூடத்தோடு நின்றுவிடும். நடவு வயலிலிருந்து வரும் நோயாளி ‘டிஸ்னியா’ என்று கூறுவதில்லை. ‘மூச்சு வாங்குது’ என்றே கூறுவார். ‘லெப்டோஸ்பைரோசிஸ்’ மக்கள் வழக்கில் எலிக்காய்ச்சல். நீர் தேங்கிய வயலில் வெறுங்காலுடன் உழைப்போர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதியாதலின், இவ்விணைப்பு இப்பகுதி மருத்துவர்க்கு இன்றியமையாதது.

எனவே ஒவ்வொரு சொல்லட்டையிலும் ஆங்கிலக் கலைச்சொல், தமிழ்க் கலைச்சொல், நோயாளியின் வழக்குச்சொல் ஆகிய மூன்றும் இடம்பெறல் வேண்டும். 2019 முதல் நடைமுறையிலுள்ள மருத்துவ அடிப்படைப் பயிற்சியில் ஆங்கிலத்திற்கும் வட்டார மொழிக்கும் இடமுண்டு. அந்நேரத்தையே இதற்குப் பயன்படுத்தலாம். கருவியின் வெற்றியை அளக்க வேண்டிய இடம் புள்ளிப்பட்டியல் அன்று. நோயாளியின் கூற்றை மாணவர் பிழையின்றிப் பதிவு செய்யும் நோய்க்குறிப்பே ஆகும்.