பெயரும் வினையும்: பாலத்தீனச் செய்திகளின் சொல்லாட்சி

நிலம் பற்றிய நெடுநாட் பூசலைச் செய்தித்தாள்கள் எங்ஙனம் எடுத்துரைக்கின்றன என்பதனை, இஸ்ரேல்–பாலத்தீனப் பூசலைக் கொண்டு யாம் ஈண்டு ஆராய்கின்றோம். செய்தி பொய்யாக இருத்தல் வேண்டுவதில்லை. சொல்லாட்சி ஒன்றே படிப்போர் கருத்தை ஒருபால் சாய்த்துவிடும் என்பது எம் துணிபு.

முதற்கண் பெயரை நோக்குவோம். 1948ஆம் ஆண்டுப் போரை இஸ்ரேலியர் விடுதலைப் போர் என்பர். அக்காலத்தே வீடிழந்து வெளியேறிய பாலத்தீனர் 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்; அவர்க்கு அது 'நக்பா', அஃதாவது பேரழிவு. மேற்குக் கரையில் 2002 முதல் இஸ்ரேல் எழுப்பிய அமைப்பும் இத்தகையதே. இஸ்ரேல் அதனை வேலி என்றது, ஐ.நா. பொதுச் செயலாளர் தடுப்பு என்றார். பொதுச் சபை சுவர் என்றது. 2004இல் கருத்துரை வழங்கிய அனைத்துலக நீதிமன்றம், இம்மூன்றனுள் எதுவும் அவ்வமைப்பினை முற்றக் குறியாது என்று காட்டிய பின்னரே பொதுச் சபையின் சொல்லை மேற்கொண்டது. இத்தகைய விழிப்புச் செய்தித்தாள்களில் காண்டல் அரிது.

பெயரினும் வினையே கூர்ந்து நோக்கற்பாலது. நம் நாளிதழ்கள் இச்செய்திகளைப் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களின் ஆங்கிலத்தினின்றே பெறுகின்றன. ஆயினும் தலைப்பில் வரும் 'பலி' என்னும் சொல் நம்முடையதே. பண்டைத் தமிழில் பலி என்பது தெய்வத்திற்கு இடும் படையல். 'காசாவில் 20 பேர் பலி' என்னுமிடத்து வினைமுற்றும் இல்லை; வினைமுதலும் இல்லை. கொன்றவர் யாவர் என்னும் வினாவிற்கே அத்தொடர் இடந்தரவில்லை. 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் தலைமையில் வந்தோர் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர் என எழுதும் ஓர் இதழ், அதன்பின் இஸ்ரேலியப் படையினரால் காசாவில் பல்லாயிரவர் கொல்லப்பட்டமையைப் 'பலி' என்று முடிக்குமாயின், அது நடுநிலை ஆகாது. இதனை மாற்றி எழுதினும் குற்றம் அதுவே.

'பதிலடி' என்னும் சொல்லும் அத்தகையது. முதலடி யாருடையது என்பதனை அது வாதமின்றியே தீர்த்துவிடுகின்றது. பூசலின் தொடக்கம் 1948ஆ, 1967ஆ, நேற்றைய நாளா என்னும் பெருவினா அச்சொல்லுள் மறைந்துபோகின்றது.

தலைப்பிற்கு இடம் சிறிது என்பாரும் உளர். அஃது உண்மையே. வினைமுதல் இன்னாரெனத் தெளியாதபோது கூறாது விடுதலும் முறையே. தெளிந்த பின்னரும் விடுதல் முறையன்று. 'கொன்றனர்' என்பது 'பலி' என்பதனினும் சில எழுத்துக்களே மிக்கது. இருசாரார் இறப்பிற்கும் அவ்வொரு வினையையே வழங்குதல் இதழாசிரியர்க்கு எளிது. படிப்போர் தாமே எண்ணித் தீர்ப்புக் காண அது வழிசெய்யும்.