தளிர் பார்க்கப் போன மாணவன்

‘என் சரித்திரம்’ பற்றிப் பேச்சு வந்தாலே நம்மாட்கள் நேராகக் குருபக்திக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்து ஆசிரியர் மாணவனைப் பிள்ளையாக நடத்தினார், இப்போது எல்லாம் வியாபாரம் என்று ஒரு பெருமூச்சு. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் உ.வே.சா. எழுதிய அந்தத் தன்வரலாற்றை அப்படிப் பெருமூச்சோடு வாசித்தால் அதில் இருக்கும் சங்கடமான பகுதிகள் கண்ணில் படாமலே போய்விடும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாயூரத்தில் கழித்த முதல் சில மாதங்களை மட்டும் நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

1871இல் போய்ச் சேரும்போது அவருக்குப் பதினாறு வயது. ஆனால் பிள்ளையிடம் நேரடிப் பாடம் இல்லை. மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் கேள் என்று விட்டுவிடுகிறார்கள். பையன் ஏங்குகிறான். பிள்ளை அப்போது வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வளர்ந்த மரங்களையே பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருந்தார். காலையில் எழுந்ததும் எது தளிர் விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பார். இதைக் கவனித்த பையன் அவருக்கு முன்பே எழுந்துபோய்த் தளிர்களைத் தேடி வைத்துக்கொள்கிறான். அவர் வந்ததும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டுகிறான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சில நாளில், உங்களிடமே பாடம் கேட்க ஆசை என்று சொல்லிவிடுகிறான். கிடைத்தும் விடுகிறது.

இன்றைய பேச்சில் இதற்குப் பெயர் காக்கா பிடிப்பது. உ.வே.சா. அதை மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. எண்பது வயதைத் தாண்டிய மகாமகோபாத்தியாயர், பதினாறு வயதில் தான் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறார். அதே நேரம், அந்தப் பையனுக்கு ஆசிரியர்மேல் இருந்த அன்பும் பொய் இல்லை. எது கணக்கு, எது அன்பு என்று அந்தப் பக்கங்களில் பிரித்து எடுக்க முடியாது. ஒருவர் ஆசையாகப் பார்ப்பதை நாமும் கூடவே நின்று பார்ப்பது என்பதே பாதிப் பாடம்தானே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விடியலில் தோட்டத்துக்குப் போகத் தோன்றாத மாணவனுக்கு என்ன வழி? பாடம் எல்லோருக்கும் பொது. தோட்டம் அப்படி இல்லை. டீக்கடைக்கு ஒன்றாகப் போகிறவனுக்கே நல்ல ப்ராஜெக்ட் கிடைக்கும் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நெருக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. வேங்கடராமன் என்ற பெயர் பிள்ளைக்கு அவ்வளவாக உவக்கவில்லை. வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள் என்று தெரிந்ததும் சாமிநாதன் என்று அழைக்க ஆரம்பித்தார். அந்தப் பெயரே நின்றது. இதைக்கூடப் பிரியம் என்று வைத்துக்கொள்ளலாம். சங்கீத விஷயம் அப்படி இல்லை. அதே மாயூரத்தில் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். அப்பாவின் விருப்பப்படி பையன் அவரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தான், பிள்ளையிடம் சொல்லாமல். விஷயம் தெரிந்ததும், சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கண இலக்கியம் ஏறாது என்று பிள்ளை சொல்ல, பாட்டு அன்றோடு நின்றது. வேடிக்கை என்னவென்றால், அதே பாரதியார் பாடக் கேட்டு உருகித்தான் அவருடைய கீர்த்தனைக்குப் பிள்ளை சிறப்புப்பாயிரம் கொடுத்தார் என்பதையும் எழுதியவர் உ.வே.சா.தான். இந்த இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்பதில்லை. நாம் கேட்கலாம். சம்பளத்துக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் இதைச் சொல்லியிருந்தால் பையன் தலையாட்டிவிட்டு மாலையில் பாட்டுக்குப் போயிருப்பான். தளிர் காட்டிச் சம்பாதித்த ஆசிரியரிடம் அது முடியாது.

இந்த நூலைப் பற்றிய கட்டுரைகளில் அதிகம் வராதவர் சவேரிநாத பிள்ளை. கிறிஸ்தவர், சைவப் புலவரின் வீட்டில் மாணவர். புதிதாக வந்த பையன் தன் பாடத்தை விட்டுவிட்டு ஆசிரியரிடமே போனபோது அவர் என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரியாது. 1876இல் திருவாவடுதுறையில் பிள்ளையின் கடைசி நேரத்தில் அவர் திரும்ப வருகிறார். உ.வே.சா. திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசிக்கிறார். பிள்ளையைத் தன்மேல் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருப்பவர் சவேரிநாத பிள்ளை.